நடுச்சுவரை எடுக்கும் முன்

ஆந்திர எல்லையோர ஊரான நகரியில் பல வீடுகளில் எங்கே வீடு முடிந்து எங்கே தறிக்கூடம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. முன்னறையில் கட்டிலும் டிவியும், அடுத்த அறையில் விசைத்தறி, அதற்கும் பின்னால் சமையல். வீடு ஒரு காலத்தில் கட்டியது, தறி இன்னொரு காலத்தில் வந்தது. அதனால் ஏகாம்பரகுப்பமானாலும் புத்தூரானாலும், நெசவுக் குடும்பங்களில் என்றாவது ஒருநாள் இந்தப் பேச்சு எழுந்துவிடும்: “இந்த நடுச்சுவர எடுத்துட்டா இன்னும் ரெண்டு தறி போடலாமே.”

மேஸ்திரி வருவார். விரல் கணுவால் சுவரை நாலு இடத்தில் தட்டுவார். “சும்மா தடுப்புச் சுவருதாண்ணே, எடுத்துடலாம்” என்பார். இல்லையென்றால் “இது லோடு சுவரு, கை வைக்க வாணாம்” என்பார். அனுபவசாலி சொன்னால் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அது தட்டியதால் தெரிந்தது அல்ல. ஊரில் எந்தக் காலத்தில் யார் எப்படிக் கட்டினார்கள் என்பது அவருக்குத் தெரியும். தட்டுவது ஒரு சடங்கு. பூச்சு விட்டுப்போயிருக்கிறதா, உள்ளே கூடா கெட்டியா என்பதை ஓசை சொல்லும். பத்து டன் தாங்கும் ஒன்பது இன்ச் செங்கல் சுவரும், எதையும் தாங்காத ஒன்பது இன்ச் செங்கல் சுவரும் தட்டினால் ஒரே மாதிரிதான் கேட்கும்.

சுவரின் கனமும் அப்படித்தான். ஒன்பது இன்ச் என்றால் லோடு, நாலரை இன்ச் என்றால் தடுப்பு என்பது ஊரறிந்த கணக்கு. முதல் கட்டத் தடயமாக அதை வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக அல்ல. செங்கல் மிச்சம் பிடிக்க நாலரை இன்ச் சுவர்மேலேயே தளம் போட்ட வீடுகள் உண்டு. அலமாரிக் குழி வேண்டும் என்பதற்காகவே ஒன்பது இன்ச்சில் எழுப்பிய வெறும் தடுப்புகளும் உண்டு.

சுவரை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் விடை அதில் கிடைக்காது. பார்க்க வேண்டியது அதற்கு மேலே இருப்பதையும் கீழே இருப்பதையும்தான். கூரையின் எடை எந்த வழியாக மண்ணுக்கு இறங்குகிறது, அந்த வழியில் இந்தச் சுவர் நிற்கிறதா?

பழைய வீடாக இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது. 1960-இல் எல்லை திருத்தப்பட்டுத் திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரி ஆந்திரத்திலேயே நின்றது. கொத்து வேலைக்கு அந்த எல்லை இல்லை. மெட்ராஸ் டெரஸ் என்று பேர் பெற்ற தளம் இரண்டு பக்கமும் உண்டு. மரக் கட்டைகளை நெருக்கமாக வரிசையாக வைத்து, மெல்லிய சின்னச் செங்கற்களைச் சுண்ணாம்புக் கலவையில் குறுக்குச் சாய்வாகக் குத்துக்கல்லாக அடுக்கி, அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி அடித்து, தட்டோடு பதித்த கூரை அது. அண்ணாந்து பார்த்தால் கட்டைகள் எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது கண்ணுக்கே தெரியும். கட்டைகளின் நுனி எந்தச் சுவரில் செருகியிருக்கிறதோ அது தாங்கும் சுவர். கட்டைகளுக்கு இணையாக ஓடும் சுவர் தளத்தின் எடையில் ஏறக்குறைய எதையும் வாங்குவதில்லை. நடுவே பெரிய உத்திரம் ஒன்று ஓடினால், அதன் இரு முனைகளுக்கும் கீழே உள்ள இடங்கள்தான் வீட்டிலேயே அதிகம் அழுத்தப்படும் இடங்கள்.

காங்கிரீட் தளத்தில் கட்டை தெரியாது. கம்பி உள்ளே மறைந்திருக்கிறது. ஆனால் எடை எந்தத் திசையில் போகும் என்பதை அறையின் அளவே சொல்லிவிடும். எடைக்குக் குறுக்கு வழிதான் பிடிக்கும். அறையின் நீளம் அகலத்தைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால், எடை கிட்டத்தட்ட முழுவதும் நீளவாட்டுச் சுவர்கள் இரண்டின் மேல் இறங்கும். அறை சதுரத்துக்கு நெருங்க நெருங்க, நாலு சுவரும் பங்கு போட்டுக்கொள்ளும். மூலைகளிலிருந்து 45 பாகைச் சாய்வில் கோடிழுத்தால், எந்தச் சுவருக்கு எந்தத் துண்டு என்பது பாகப்பிரிவினைப் பத்திரம் மாதிரித் தெளிவாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அறை. ஒவ்வொன்றும் 8 அடி அகலம், 18 அடி நீளம். நடுவில் 18 அடிச் சுவர். மேலே ஐந்து இன்ச் காங்கிரீட் தளம்: ஒரு சதுர அடிக்கு சுமார் 30 கிலோ. அதன் மேல் ஜல்லியும் தட்டோடும் 14 கிலோ. மொட்டை மாடியில் ஆள் நடமாட்டம், காயப்போடும் பொருள் என்று இன்னொரு 14 கிலோவைக் கணக்கில் வைப்பார்கள். மொத்தம் 58. இரண்டு அறையிலிருந்தும் பாதிப் பாதி, அதாவது 144 சதுர அடியின் எடை நடுச்சுவருக்கு வரும். 8 டன்னைத் தாண்டிவிட்டது. இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே தளமாக ஒட்டியிருந்தால், தொடர்ச்சியின் காரணமாக நடுச்சுவரின் பங்கு கால் பங்கு கூடும். 10 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு மாடி இருந்தால் இது இன்னும் ஏறும். மாடியில் நடுச்சுவருக்கு நேர்மேலே ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டி இருந்தால் அதற்கு மட்டும் ஒரு டன்.

சுவரை எடுத்ததும் இந்த 10 டன் போக்கிடமில்லாமல் தவிக்கிறது என்பதோடு கதை முடிந்தால்கூடப் பரவாயில்லை. தளத்தின் உள்ளே நடப்பது அதைவிட மோசம்.

காங்கிரீட் நசுக்கலைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் எங்கே இழுபடுமோ அங்கே கம்பி வைக்கிறார்கள். நீளமான ஒரு நுரைப்பஞ்சை மூன்று செங்கல்மேல் வைத்து, இரண்டு இடைவெளியிலும் கையால் அழுத்திப் பாருங்கள். இடைவெளிகளில் பஞ்சின் அடிப்பக்கம் இழுபடும். நடுச் செங்கல்லுக்கு மேலே மட்டும் மேல்பக்கம் இழுபடும். தளமும் அப்படித்தான் வளைகிறது. ஆகவே கம்பி கட்டுபவர் அறைகளின் நடுவில் கம்பியை அடியில் ஓட்டுவார். நடுச்சுவரை நெருங்கும்போது ஒன்று விட்டு ஒன்றாகச் சாய்வாக வளைத்து மேலே ஏற்றுவார். சென்ட்ரிங் பலகை மேல் கம்பி கட்டியிருக்கும்போது பார்த்தவர்களுக்கு அந்த வளைவு நினைவிருக்கும். அது அழகுக்கு அல்ல.

இப்போது நடுச் செங்கல்லை உருவி எடுங்கள். இதுவரை மேல்பக்கம் இழுபட்ட அதே இடத்தில் இனி அடிப்பக்கம் இழுபடுகிறது. அங்கேதான் அடிக்கம்பி குறைவு, பாதிக் கம்பி மேலே போய்விட்டது. 8 அடித் தளம் 16 அடித் தளமாகிவிட்டது. கணக்குப்படி அறை நடுவில் இருந்த வளைப்பு விசையைவிடப் புது நடுவில் ஏழு மடங்கு. தொய்வோ, தளம் விரிசல் விடாமல் இருக்கும் என்று பெருந்தன்மையாக வைத்துக்கொண்டாலும், 38 மடங்கு. இடைவெளி இரட்டித்தால் ஆபத்தும் இரட்டிக்கும் என்று மனக்கணக்குப் போடுகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

அப்படியானால் சுவரை எடுத்த அன்றே எல்லா வீடும் விழ வேண்டுமே? விழுவதில்லை. “பக்கத்துத் தெருவுல எடுத்தாங்க, ஒண்ணும் ஆகல” என்ற சாட்சியம் எல்லா ஊரிலும் கிடைக்கும். வடிவமைக்கும்போதே எடையை ஒன்றரை மடங்காகப் பெருக்கித்தான் கம்பி போடுகிறார்கள். மாடியில் ஆளே இல்லாத நாளில் அந்தச் சேமிப்பு இன்னும் பெரிது. நீளவாட்டில் ஓடும் பங்கீட்டுக் கம்பிகளும் கொஞ்சம் கைகொடுக்கும். எடுத்தது உண்மையிலேயே தடுப்புச் சுவராகவும் இருந்திருக்கலாம். ஆனால் காங்கிரீட் சுமையின் கீழ் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் மெதுவாகத் தொய்ந்துகொண்டே போகும் பொருள். மாடியில் கல்யாணப் பந்தல் போட்டு நூறு பேர் பந்தியில் உட்காரும்போது அந்தச் சேமிப்பு தீர்ந்துபோகும். இதுவரை விழவில்லை என்பதற்கு அவ்வளவு எடை இன்னும் ஏறவில்லை என்பதற்கு மேல் பொருள் இல்லை.

2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் சித்தி சாய் என்ற நான்கு மாடிக் குடியிருப்பு இடிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் மருத்துவமனை இருந்த இடத்தில் மாற்றுவேலை நடந்துகொண்டிருந்தது. அந்த வேலையில் தாங்கும் தூண்களில் கைவைத்தார்கள் என்பதுதான் வழக்கின் குற்றச்சாட்டு. கீழே ஒருவர் தம் அறையை விசாலமாக்குகிறார். அதற்கான விலையை மேலே குடியிருப்பவர்களும் கொடுக்கிறார்கள்.

எடை போகும் வழியைக் காட்டும் தடயங்களில் எனக்கு மிகவும் நம்பகமாகப் படுவது ஒன்று உண்டு. சுவர் முதலில் வந்ததா, தளம் முதலில் வந்ததா? தாங்கும் சுவர் வீட்டில் சுவரை முழு உயரத்துக்கு எழுப்பி, அதன் தலைமேலேயே காங்கிரீட் கொட்டுவார்கள். பில்லர் வீட்டில் தூண், பீம், தளம் எல்லாம் முடிந்து, சென்ட்ரிங் பிரித்த பிறகுதான் இடையில் சுவரை நிரப்புவார்கள். கடைசி வரிசைக்கும் தளத்துக்கும் நடுவே விரல் நுழையாத ஒரு சந்து மிஞ்சும். அதில் கலவையைத் திணித்து அடைப்பார்கள். அந்தத் திணிப்பு சரியாக ஒட்டாது. வருடங்கள் போனதும் சுவரின் உச்சியில் படுக்கைவாட்டில் மயிரிழை விரிசல் ஒன்று தெரியும். வீட்டுக்காரருக்கு அது கண்ணை உறுத்தும். சுவரை எடுக்க நினைப்பவருக்கு அது நல்ல சேதி.

கட்டிய மேஸ்திரி உயிரோடிருந்தால், சுவர் முதலிலா தளம் முதலிலா என்று அவரைக் கேட்டாலே போதும். ஆனால் கேள்வியை முழுதாகக் கேட்க வேண்டும். தடுப்பு என்று நினைத்துக் கட்டிய சுவரையும் தளத்துக்கு முன்பே எழுப்பிவிடும் வழக்கம் உண்டு; சென்ட்ரிங்குக்கு முட்டு மிச்சமாகும் என்பது காரணம். எந்த எண்ணத்தில் கட்டினார்கள் என்பது ஈரக் காங்கிரீட்டுக்குத் தெரியாது. தன் தலைமேல் தளம் ஒட்டப்பட்ட எந்தச் சுவரும் தாங்கும் சுவர்தான். தளத்துக்குப் பின் வந்த தடுப்பும் நிரந்தரமாக நிரபராதி என்று சொல்ல முடியாது. தளம் ஆண்டுகள் போகப்போகத் தொய்ந்து அதன் தலையில் வந்து உட்கார்ந்துவிடும். பின்னால் மாடி எடுக்கும்போது அதே கோட்டின்மேல் புதுச் சுவர் ஒன்றை ஏற்றியிருப்பார்கள். கட்டும்போது எதையும் தாங்காத சுவர், இருபது வருடத்தில் ஒரு வீட்டையே தாங்கிக்கொண்டிருக்கலாம்.

மொட்டை மாடிக்கு ஏறினால் இன்னொரு சாட்சி. மேல்மாடி ஆசையில் துருப்பிடித்து நிற்கும் பில்லர் கம்பிகளை நம் ஊர்களில் பார்க்காத தெரு இல்லை. கம்பி நிற்கும் இடத்துக்கு நேர்கீழே தூண் இருக்க வேண்டும். அவை வீட்டின் எல்லா மூலையிலும் சந்திப்பிலும் இருக்கின்றனவா, இல்லை முன்பக்கத்தில் மட்டுமா என்று எண்ணுங்கள். சிறு நகரங்களில் கலப்பு வீடுகள்தான் சிக்கல்: வாசல் போர்ட்டிகோவும் ஹாலும் பில்லரில், பின்னால் உள்ள அறைகளெல்லாம் சுவரில். “நம்மளது பில்லர் வீடு” என்று வீட்டுக்காரர் சொல்வது முன்பாதிக்கு மட்டும் உண்மையாக இருக்கும்.

கீழேயும் பார்க்க வேண்டும். சுவரை ஒட்டித் தரையில் ஒரு சின்னக் குழி எடுத்தால், தரைக்கல்லுக்குக் கீழே கருங்கல் அஸ்திவாரம் தொடர்கிறதா, சுவர் தரைமேலேயே தொடங்கிவிட்டதா என்று தெரியும். தரைமேல் தொடங்கியது என்றால் அதை ஒரு சுமையும் இல்லாமல் எழுப்பியிருக்கவே வாய்ப்பு அதிகம். அஸ்திவாரம் இருந்தால் மட்டும் தாங்கும் சுவர் என்று ஆகிவிடாது. பழைய கொத்தர்கள் எல்லாச் சுவருக்கும் தாராளமாகவே அஸ்திவாரம் போட்டார்கள். இந்தத் தடயங்களில் எதுவும் தனியாக நின்று சாட்சி சொல்லாது. மூன்று நான்கு ஒரே பக்கம் கைகாட்டினால் நம்பலாம். முரண்பட்டால் கம்பியைக் கண்டுபிடிக்கும் கருவியோடு கட்டமைப்புப் பொறியாளர் வர வேண்டும். திருப்பதி ஒன்றும் நகரியிலிருந்து தொலைவில்லை. தளத்தின் அடியில், சுவருக்கு இரு பக்கமும், கம்பிகள் எங்கே மறைந்து மேலே ஏறுகின்றன என்று அந்தக் கருவி காட்டிவிடும்.

தளத்தின் எடையை வாங்காத சுவர் என்றே உறுதியானாலும் நகரியில் இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. அது தறியால் வருவது. நாடா ஓடும் சாதாரண விசைத்தறி நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் பலகை முன்னும் பின்னும் போய்வருகிறது, நாடா இடமும் வலமும் எறியப்படுகிறது. இந்த விசை எல்லாம் கிடைமட்டமானது. தரை வழியாகச் சுவருக்கு வரும். செங்கல் சுவர் தன் நீளவாட்டில் தள்ளினால் அசையாது, முகத்தில் தள்ளினால் எளிதாக வளையும். அந்த வளைவைத் தடுத்துப் பிடிப்பவை அதற்குச் செங்குத்தாகக் கோத்த குறுக்குச் சுவர்கள். செங்கல் கட்டுமானத்துக்கான இந்திய நெறிமுறை ஐ.எஸ். 1905, தாங்கும் சுவரின் வலிமையைக் கணக்கிடும்போது குறுக்குச் சுவர்களின் இடைவெளியையும் பார்க்கச் சொல்வது இதனால்தான். நம் கணக்கில் நடுச்சுவரை எடுத்தால், முன்சுவரும் பின்சுவரும் 8 அடிக்கு ஒருமுறை கிடைத்த பிடிமானத்தை இழந்து 16 அடிக்கு வெறுமனே நிற்கும். அதே நாளில் உள்ளே இரண்டு தறியும் கூடுகிறது. எடையைத் தாங்காத சுவர் என்பதும் வேலையில்லாத சுவர் என்பதும் ஒன்றல்ல.

சுவர்கள் முன்கூட்டிச் சொல்லுமா? சில சமயம் சொல்லும். ஸ்ரீகாளஹஸ்தியில் கிருஷ்ணதேவராயர் 1516-இல் எழுப்பிய ராஜகோபுரத்தில் செங்குத்து விரிசல்கள் தெரிந்தபோது பக்கத்தில் இருந்தவர்களை அப்புறப்படுத்தினார்கள். 2010 மே 26 அன்று அது இடிந்து விழுந்தபோது உயிரிழப்பு இல்லை. புதுக் கோபுரத்துக்கு 2017-இல் குடமுழுக்கு நடந்தது. நசுக்கல் தாங்காத கட்டுமானம் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும், அதனால் செங்குத்தாகப் பிளக்கும். ஆகவே வீட்டுச் சுவரிலும் படுக்கைவாட்டு மயிரிழையைவிட, பூச்சைத் தாண்டிச் செங்கல்லையே பிளந்து மேலிருந்து கீழாக ஓடும் விரிசலுக்குத்தான் பயப்பட வேண்டும். அப்படி ஒன்று இருக்கும் சுவரில் சம்மட்டி போடுவது பைத்தியக்காரத்தனம். கோபுரத்துக்குக் கிடைத்த அவகாசம் காட்கோபரில் கிடைக்கவில்லை.

முழுச் சுவரையும் எடுக்காமல் ஒரு கதவு மட்டும் வைத்தால் போதாதா என்று முதலில் கேட்டுப் பார்ப்பது நல்லது. இரண்டுக்கும் இயற்பியலில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். சுவரில் ஓட்டை போட்டால் மேலே உள்ள செங்கற்கள் தாமே ஒரு வளைவாகப் பிடித்துக்கொண்டு எடையை இரு பக்கமும் தள்ளிவிடும். ஓட்டையின் மேல் சமபக்க முக்கோணமாக உள்ள பகுதி மட்டுமே லிண்டலை அழுத்தும். 3 அடிக் கதவுக்கு அந்த முக்கோணத்தின் உயரம் 2.6 அடி. 10 அடிச் சுவரில் 7 அடிக் கதவு போக மேலே 3 அடி இருக்கிறது, முக்கோணம் அடங்கிவிடுகிறது. இரு பக்கமும் போதிய சுவரும் இருந்தால் சாதாரண லிண்டல் போதும். அதுவே 10 அடித் திறப்பு என்றால் முக்கோணத்துக்கு 8.7 அடி உயரம் வேண்டும். இருப்பதோ 3 அடி. வளைவுக்கு இடமே இல்லை. தளம் முழுக்க பீம்மேல்தான்.

அப்படி முழுதாகத் திறந்தே ஆக வேண்டும் என்றால் அதற்கும் வழி உண்டு, செலவும் உண்டு. இடித்துவிட்டு பீம் வைப்பது அல்ல அந்த வழி; தளத்துக்கு வேறு பிடிமானம் கொடுத்துவிட்டுத்தான் சுத்தியல். சுவரின் இரு பக்கமும் தளத்தின் கீழே இரும்பு ஜாக்கிகளை வரிசையாக நிறுத்துவார்கள். ஜாக்கிகள் தரைக்கல் மேல் அப்படியே நிற்கக்கூடாது, எடையைப் பரப்பும் கட்டைமேல் நிற்க வேண்டும். தரைக்கல்லுக்குக் கீழே இருப்பது பெரும்பாலும் நிரப்பிய மண்தான். பிறகு சுவரைத் துண்டு துண்டாக எடுத்து, இரும்பு ஐ-பீமோ காங்கிரீட் பீமோ கொடுத்து, அதன் தலைக்கும் தளத்துக்கும் இடையே உள்ள சந்தை ஈரம் குறைந்த கெட்டிக் கலவையால் இறுக்க அடைக்க வேண்டும். அது சுருங்கினால் தளம் அந்த அளவுக்கு இறங்கித்தான் பீமில் உட்காரும்.

பலரும் மறப்பது பீமின் முனைகளை. 18 அடியில் பரவியிருந்த 10 டன் இப்போது இரண்டு இடத்தில் ஐந்தைந்தாக இறங்குகிறது. அங்கே உள்ள செங்கல் அதைத் தாங்க வேண்டும். இல்லையென்றால் தூண் வேண்டும், தூணுக்குக் கீழே புது அஸ்திவாரம் வேண்டும். பீம் பலமாக இருந்து முனை நசுங்கினால் பயன் இல்லை.

காங்கிரீட் பீம் என்றால் ஜாக்கிகளைக் கழற்ற அவசரம் கூடாது. பொறியாளர் வேறு சொல்லாவிட்டால் 28 நாள் இருக்கட்டும். கழற்றும் வரிசையும் முக்கியம்: பீமின் நடுவிலிருந்து தொடங்கி இரு முனைகளை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி. முனைகளில் இருப்பதை முதலில் எடுத்துவிட்டு நடு ஜாக்கியைக் கடைசிவரை விட்டுவைத்தால், பீமுக்கு அந்த ஒற்றை ஜாக்கிதான் புது நடுச்சுவர். அதற்கு மேலே பீமின் மேல்பக்கம் இழுபடும். இரண்டு முனையில் மட்டும் உட்காரும் பீமில் முக்கியக் கம்பி எல்லாம் அடியில்தான் இருக்கும்.